இப்போதைக்கு

ஜனவரி 12, திங்கள்

புது அச்சு மிஷின் இன்று வந்து இறங்கியது. பாளையங்கோட்டையில் எங்கள் பிரெயில் அச்சகம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே மிஷின்தான். பீரோ அளவு இருக்கும், ஓடினால் கட்டடமே தடதடக்கும். புதியது ஒரு மேஜைக்கு அடங்கிவிடுகிறது. அச்சு ஓட்டுகிற இசக்கியப்பன் அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தையல் மிஷின் கணக்கால்லா இருக்கு. இது புள்ளி குத்துமா, பித்தான் தைக்குமா?" என்றார்.

குத்தியே ஆகவேண்டும். வரலாற்று ஆசிரியர் தேர்வுக்கான பாடத்தொகுப்பு, ஆறு பாகம், நாற்பத்தொரு பேருக்கு அச்சடிக்க வேண்டும். தேர்வு மார்ச் 1. பிப்ரவரி 6 வெள்ளிக்கிழமை பார்சல் ஏறினால்தான் படிக்க மூன்று வாரமாவது கிடைக்கும். பழைய மிஷின் தனியாக ஓடினால் பாதிகூடத் தேறாது. இரண்டும் சேர்ந்து ஓடினால் முடியும் என்று மேனேஜர் பாக்கியநாதன் சார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

நாற்பது பேர் வெளியூர்க்காரர்கள். நாற்பத்தொன்றாவது ஆள் எங்கள் கிருபை. நாலு வயதில் பார்வை போனவள். பன்னிரண்டு வருஷமாக இங்கே பிழை திருத்துகிறாள், ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் அவள் விரல் நின்றுவிடும். ஊருக்கெல்லாம் புத்தகம் திருத்திக் கொடுத்தவள் தன் தேர்வுக்கு மட்டும் இரண்டு முறையும் பாடத்தைக் காதால் கேட்டுத்தான் எழுதினாள். போன முறை மூன்று மார்க்கில் போயிற்று. "காதால கேட்டது காத்தோட போயிருது குழலியக்கா. வெரலால படிச்சாத்தான் எனக்கு நிக்கும்" என்பாள். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி முறை.

குழலியக்கா என்பது நான். முழுப் பெயர் குழல்வாய்மொழி. அச்சகத்தின் கணினிகளுக்கு அம்மாவும் நான்தான், ஆயாவும் நான்தான்.

வீட்டுக்கு வந்தால் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினேன். இப்போதைக்கு நிற்கும். "இது மூணாவது டியூப்" என்றார் இவர். எண்ணிக்கொண்டு இருப்பதுதான் வேலை போலிருக்கிறது.

ஜனவரி 13

மிஷினோடு வந்த கணினி உள்ளங்கை அகலம். பழைய பெட்டியில் இருப்பது மேஜைக் கணினிகளின் இன்டெல் செயலி, இதில் இருப்பது செல்போன்களில் வரும் ஏஆர்எம் ரகம். இரண்டிலும் லினக்ஸ்தான். தமிழைப் பிரெயில் புள்ளியாக மாற்றும் நிரலை இதன் செயலிக்கு ஏற்றபடி புதிதாகத் தயார் செய்து, அது கூப்பிட்டு உபயோகிக்கும் லைப்ரரிக் கோப்புகளையும் இதிலேயே ஏற்றினேன். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஓட்டினால், லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, இது இயங்கக்கூடிய கோப்பே இல்லை என்கிறது. கோப்பு இருக்கிறது, பெயர் சரி, இடம் சரி. கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து 'நீ ஆளே இல்லை' என்று சொன்னால் எப்படி?

அண்ணாச்சி காலையில் ஈரத்துணியால் துடைத்தது நினைவுக்கு வந்தது. கேட்டேன். "காஞ்ச துணிதான்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மிஷின் விற்ற கம்பெனியில் ரிஸ்வான் என்று ஒருவர். போனில் பிடித்து, பெட்டியே கோளாறு என்று சொன்னேன். அவர் பொறுமையாக, "மேடம், உங்க பக்கம் ஏதாவது பழைய லைப்ரரியை முதல்ல எடுக்குதான்னு ஒருவாட்டி பாருங்களேன்" என்றார்.

எங்கள் பக்கமாம். பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

போகி. வேண்டாத பழசையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறார் இவர். கைப்பிடிக்குப் பதில் கயிறு கட்டிய குக்கர், அட்டையை மடித்து முட்டுக் கொடுத்த பீரோ, டியூப் சுற்றிய குழாய் என்று பட்டியல் வாசித்தார். எல்லாம் இப்போதைக்குச் செய்தது, நானே மாற்றிவிடுவேன் என்றேன். கிழிந்த இரண்டு பாயை மட்டும் போட்டுக் கொளுத்தினோம்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முழுக்க அந்தப் பிழைச் செய்திதான் தலைக்குள் ஓடியது. இன்று போனதும் முதல் வேலையாக, நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரி வரியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன்.

அகப்பட்டது. எங்கள் அச்சகத்தில் எல்லாக் கணினிக்கும் பொதுவாக ஒரு வட்டு உண்டு. அதிலும் இதே பெயரில் லைப்ரரிக் கோப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை பழைய பெட்டியின் செயலிக்காகச் செய்தவை. புதுப் பெட்டி தன் வீட்டுக் கோப்பை விட்டுவிட்டு முதலில் பொது வட்டுக்குப் போகிறது. அங்கே அதே பெயரைப் பார்த்ததும் எடுத்துக்கொள்கிறது. இந்த ரக லினக்ஸ் ஒரு பிடிவாதம். எடுத்தது பொருந்தவில்லையே, வேறு இடத்தில் தேடுவோம் என்று போகாது. அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ஏன் முதலில் பொது வட்டுக்குப் போகிறது என்று ஆராய நேரமில்லை. பொது வட்டில் இருந்த கோப்புகள் மேல் புதுப் பெட்டிக்கான கோப்புகளை ஏற்றினேன். ஓட்டினேன். தாள் சரசரவென்று உள்ளே போய்ப் புள்ளி புள்ளியாக வெளியே வந்தது. கிருபை முதல் தாளைத் தடவிப் பார்த்து, "புள்ளி நல்லா எடுப்பா இருக்குக்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். எதிர்க்கடையில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். அண்ணாச்சியும் கோபத்தை மறந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஜனவரி 20

பழைய மிஷின் ஓடவில்லை.

"நேத்து நீங்க என்னமும் செஞ்சியளா?" என்றார் அண்ணாச்சி. இதில் ஒன்றும் செய்யவில்லை என்றேன். பொய் இல்லை. நான் செய்தது புது மிஷினுக்குத்தானே.

பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பழைய பெட்டி படிப்பதும் அதே பொது வட்டு, அதே பெயர். நேற்று அதற்கு உரியதை அழித்துவிட்டு இதற்கு உரியதை வைத்திருக்கிறேன். இப்போது அது உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, பழைய கோப்புகளின் நகல் இருந்தது. திரும்ப வைத்தால் பழையது எழுந்தது, புதியது படுத்தது. ஒரு மாத்திரையை இரண்டு நோயாளிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் புதியது ஓடும். ஒரு மணிக்கு நான் மேஜை மணியை அடிப்பேன். அண்ணாச்சி நிறுத்துவார், நான் கோப்புகளை மாற்றுவேன், மத்தியானம் பழையது ஓடும். மூளையைக் கசக்கிக்கொண்டு நிற்பதைவிட இது மேல். இப்போதைக்குத்தான்.

ஜனவரி 23

மணி அடிக்கிறேன், மாற்றுகிறேன். முதல் பாகம் முடிந்தது, இரண்டாவது பாதி. நான் மணியடிப்பதைப் பார்த்துக் கோயில் பூசாரி வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்கிறார் அண்ணாச்சி.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

கட்டுப் போட்ட புத்தகத்திலும் ஒன்றை உருவி வாசித்துப் பார்ப்பது கிருபையின் வழக்கம். தாளாக இருக்கும்போது திருத்தியாயிற்றே, அப்புறம் எதற்கு என்று நானே கேலி செய்திருக்கிறேன். இன்று மூன்றாம் பாகத்தில் ஒன்றை எடுத்து வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள்.

"அக்கா, அறுபத்தொண்ணுக்கு அப்புறம் எழுபத்துநாலு வருது."

பன்னிரண்டு பக்கம் காணோம். அடுத்ததை எடுத்துப் பார்த்தோம், அதிலும் காணோம். மொத்தம் பதினெட்டுப் பிரதி, எல்லாம் தைத்து அட்டை ஒட்டியவை.

நேற்று குடியரசு தின விடுமுறையிலும் நாங்கள் வேலை செய்தோம். மத்தியானம் மாற்றும்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காலடியில் லைப்ரரியை உருவியதும் நிரல் விழுந்திருக்கிறது. திரும்ப ஓட்டியபோது, வரிசையில் காத்திருந்த பன்னிரண்டு பக்கத்தை விழுங்கிவிட்டு மேலே போயிருக்கிறது. மீதிப் பிரதிகளும் அந்தக் குறைப் பட்டியலை வைத்துத்தான் ஓடின. அண்ணாச்சி மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும்.

சிலிண்டர்க்காரர் வாசலில் நிற்கிறார் என்று நேற்று பன்னிரண்டரைக்கு இவர் போன் செய்தார். அதனால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பவேண்டி இருந்தது. மணி அடித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

ஜனவரி 28

பாக்கியநாதன் சார் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் சத்தம் போட மாட்டார், அதுதான் பயமாக இருக்கும். "இனிமே இந்த மாத்துற வேலை வேண்டாம். ஒரு மிஷின் மட்டும் ஓடட்டும். எது ஓடுனாலும் ஒழுங்கா ஓடணும்" என்றார்.

ஒன்று மட்டும் ஓடினால் ஆறாம் தேதிக்குள் நாற்பத்தொரு பேருக்கும் ஆறு பாகம் வராது. யாருக்குக் குறைப்பது என்று சார் பேச்சை ஆரம்பிக்கும்போதே கிருபை எழுந்துவிட்டாள். "சார், வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல அனுப்பிருவோம். நான் இங்கனக்குள்ளதான இருக்கேன். எனக்குக் கடைசியில பாத்துக்கிடலாம்."

கடைசியில் என்றால் தேர்வுக்கு நாலு நாள் முன்பு. அது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நேற்று எல்லார் முன்னாலும் நான் அவரைக் குற்றம் சொன்னேன். அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ராத்திரி வீட்டில் குழாய் சொட்டுகிறது.

ஜனவரி 29, வியாழன்

காலையில் பக்கம் குறைந்த மூன்றாம் பாகக் கட்டுகளை எடுக்கக் கிருபையோடு அலமாரி அறைக்குப் போனேன். அங்கே இரண்டு அலமாரி. ஒன்றில் தமிழ் பிரெயில் கட்டுகள், மற்றதில் ஆங்கில பிரெயில் கட்டுகள். பாக எண் இரண்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும். கிருபை எடுக்கிற விதத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்றுதான் கவனித்தேன். கை நேராகக் கட்டுக்குப் போகாது. அலமாரியின் இடது விளிம்பில் இருக்கும் லேபிளை முதலில் தொடும். அப்புறம்தான் உள்ளே போகும்.

"எங்க எது இருக்குன்னு உனக்குத்தான் மனப்பாடமாச்சே. எதுக்கு ஒவ்வொரு தடவையும் தொடுத?" என்று கேட்டேன்.

"மூணாம் பாகம்னு ரெண்டுலயும் இருக்குல்லாக்கா. புள்ளியும் ஒரே ஆறு புள்ளிதான். தமிழ்ல நான் 'ஆ'ன்னு வாசிக்கிற புள்ளியை இங்கிலீஷ்ல 'ஏ ஆர்'னு வாசிப்பாங்க. பேரை மட்டும் பாத்து எடுத்தா தப்பாத்தான் போவும். நாம எந்த அலமாரியில கை வைக்கோம்னு முதல்ல தெரியணும்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எனக்குச் செய்ய வேண்டியது என்ன என்று அப்போது தெரிந்துவிட்டது. என் இரண்டு பெட்டியும் லேபிளைத் தொடாமல் ஒரே அலமாரியில் கைவிடுகின்றன. விடச் சொன்னது யார்? பத்து நாள் முன்பு நேரமில்லை என்று விட்ட கேள்வி அதுதான்.

கணினி திறக்கும்போது படிக்கிற ஆரம்பக் கோப்பு ஒன்று பொது வட்டில் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் அதுதான். திறந்தேன். கடைசியில் ஒரு வரி. லைப்ரரி எது வேண்டுமானாலும் முதலில் பொது வட்டில் தேடு என்று உத்தரவு. மேலே ஒரு குறிப்பு. அக்டோபர் 11, போன வருஷத்துக்கு முந்தின வருஷம். 'இப்போதைக்கு. நாளை எடுத்துவிட வேண்டும்.'

யாரோ எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி 29, சாயங்காலம்

இந்த அச்சகத்தில் அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 11 அந்த வருஷத்து ஆயுத பூஜை. பழைய பெட்டியில் நிரலைப் புதுப்பித்திருந்தேன், அது தன் லைப்ரரியைக் காணாமல் முழித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குப் பூஜை. அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் நின்று, "முடிச்சிட்டியளா, முடிச்சிட்டியளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் அச்சகத்தில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. பொட்டு வைத்துவிட்டால் அடுத்த நாள் காலை வரை எந்த மிஷினையும் யாரும் தொடக்கூடாது. நான் முடிக்கவில்லை. அவர் பொட்டு வைத்துவிட்டார். எல்லாரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனபோது நான் உள்ளே வந்து, சந்தனம் காயாத கீபோர்டில் அந்த ஒரு வரியைத் தட்டினேன். சரியான இடத்தில் சரியாகச் செய்ய அரைமணி வேண்டும். இந்த வரிக்கு அரை நிமிஷம். மறுநாள் எடுத்துவிட நினைத்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு. அப்புறம் ஓடிக்கொண்டிருப்பதை யார் தொடுவார்கள்?

இன்று காலை கிருபையிடம்தான் முதலில் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நான் உள்ளதான் பொரி தின்னுட்டு இருந்தேன்" என்றாள்.

"எங்க?"

"அலமாரிக்கு அந்தப் பக்கம். நீங்க வந்து தட்டுனது கேட்டுச்சு. முடிக்கும்போது கடைசிச் சாவியை ரெண்டு தடவை அடிப்பிய, அதுல தெரியும். அண்ணாச்சி வருத்தப்படுவாருன்னு நான் சொல்லல."

பதினைந்து மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதும்விட்டேன். அவள், "அழுது முடிச்சாச்சுன்னா போயி அந்த வரியை எடுங்க. இன்னிக்கு வெள்ளி, இன்னும் ஒரு வாரம் இருக்குல்லா" என்றாள்.

போனேன், எடுத்தேன். அரை நிமிஷ வேலையாக இல்லை, காலை முழுக்க உட்கார்ந்து செய்தேன். பொது வட்டில் ஒரே அலமாரியாக இருந்ததை இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் செயலியின் பெயரை வைத்தேன். நீ என்ன ரகம் என்று கேட்டால் கணினியே பதில் சொல்லும், அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. நிரலைக் கிளப்பும்போது முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டு, வருகிற பதிலுக்கு உரிய அலமாரிக்கு மட்டும் போகும்படி எழுதினேன். முதலில் லேபிள், பிறகு கட்டு. நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. கிருபையின் கை செய்வதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் புதியதை ஓட்டச் சொன்னேன். ஓடியது. அதை நிறுத்தாமலே பழையதை ஓட்டச் சொன்னேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். நான் மணியை எடுத்து டிராயரில் போட்டேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

இரண்டும் ஓடின. ஒன்று தடதட, ஒன்று சரசர. பதினெட்டு நாளில் முதல் முறையாக இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது. பாக்கியநாதன் சார் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். கிருபை எழுந்து வந்து, ஒரு கையைப் பழைய மிஷின் மேலும் ஒரு கையைப் புது மிஷின் மேலும் வைத்துக்கொண்டாள். "ரெண்டும் ஓடுது" என்றாள் என்னவோ எங்களுக்குத் தெரியாதது போல. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேலைக்கு வந்து இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மத்தியானம் எல்லார் முன்னாலும் அண்ணாச்சியிடம் சொன்னேன். மணியடிக்காமல் போனது நான், அவர் பேரில் தப்பில்லை என்று. பொட்டு வைத்த பிறகு தொட்டதையும் சொன்னேன். முதலாவதற்கு ஒன்றும் சொல்லாதவர் இரண்டாவதற்கு எழுந்துவிட்டார். "சந்தனத்துக்கு மேலயா தட்டுனிய? அதான் பழிவாங்கிட்டு" என்றார். சார் சிரித்துவிட்டார். ரிஸ்வானுக்குப் போன் செய்து, எங்கள் பக்கம்தான் என்றேன். "தெரியும் மேடம்" என்றார். அது ஒன்றுதான் இன்று பிடிக்கவில்லை.

ஜனவரி 31

மூன்றாம் பாகம் பதினெட்டையும் பிரித்து, விடுபட்ட பன்னிரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தைத்தோம். கிருபை ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கங்களைத் தடவிப் பார்த்தே விட்டாள்.

பிப்ரவரி 2

நாலாம் பாகம் முடிந்தது. இரண்டு மிஷினும் விடவில்லை. வீட்டில் மூன்று நாளாக உப்புமா. இவர் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார், ஏதோ புரிந்திருக்கிறது.

பிப்ரவரி 4

ஐந்து. அட்டை ஒட்டப் பசை தீர்ந்துவிட்டது. சாரே ஸ்கூட்டரில் போய் வாங்கிவந்தார், வாங்கியதோடு நிற்காமல் உட்கார்ந்து ஒட்டவும் செய்தார். கோணலாக ஒட்டுகிறார் என்று அண்ணாச்சி பிடுங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

மூன்றரைக்குப் பார்சல் வண்டி. மூன்று மணிக்கு ஆறாம் பாகத்தின் கடைசிப் பிரதி தைத்தாயிற்று. நாற்பது பேர், ஆறு ஆறு பாகம், ஒன்று குறையவில்லை. வண்டி கிளம்பும்போது அண்ணாச்சி பழக்கதோஷத்தில் பின்னால் நின்று கை காட்டினார், யாரோ ஊருக்குப் போவது போல.

உள்ளே வந்து நாற்பத்தொன்றாவது கட்டைக் கிருபையின் மேஜையில் வைத்தேன். ஆறு பாகமும் அடுக்கினால் அவள் மோவாய் வரை வருகிறது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு முதுகையும் தொட்டு எண்ணினாள்.

"கடைசியில பாத்துக்கிடலாம்னு சொன்ன. பாரு, எல்லாரோடயும் சேர்ந்தே வந்துட்டு" என்றேன்.

"எல்லாருக்கும் முன்னால வந்துட்டுக்கா. திருத்தும்போதே ஆறையும் ஒருதடவ படிச்சாச்சுல்லா. இனி ரெண்டாவது தடவ" என்றாள். நாளையிலிருந்து லீவு கேட்டிருக்கிறாள். சார் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பிளம்பர் வந்தார். புதுக் குழாய். கழற்றிய டியூபை இவர் எடுத்து வைத்திருக்கிறார், எதற்கென்று கேட்கவில்லை.

மார்ச் 1

தேர்வு. கிருபையைக் கொண்டுபோய் விட்டது நான்தான். அவள் விடை சொல்ல, எழுத ஒரு ஆள் கொடுக்கிறார்கள். மூன்று மணிநேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மற்றவர்களோடு வந்தவர்கள் என்னிடம், "ஒங்க தங்கச்சியா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "அக்கா, அறுபத்திரண்டுலேருந்து எழுபத்துமூணு வரைக்கும் உள்ள பக்கத்துல நாலு கேள்வி. பதினெட்டுத் தடவ தொட்டிருக்கேன், மறக்குமா?" என்றாள்.

அப்படியென்றால் என் தப்பிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அதுக்காவ மறுபடியும் செஞ்சிராதிய" என்றாள்.

ஜூன் 9

கிருபை தேறிவிட்டாள். பட்டியலில் எங்கள் மாவட்டத்தில் இரண்டாவது பெயர். போன முறை மூன்று மார்க்கில் விட்டவள் இந்த முறை பதினேழு மார்க் அதிகம். பார்சல் போன நாற்பது பேரில் ஒன்பது பேர் தேறியதாக இதுவரை போன் வந்திருக்கிறது. அண்ணாச்சி ஓடிக்கொண்டிருந்த இரண்டு மிஷினையும் நிறுத்திவிட்டார், எதற்கு என்றால் கைதட்டுவது கேட்க வேண்டுமாம். தட்டினோம். நான் கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன்.

ஜூலை 3

கிருபைக்கு இன்று கடைசி நாள். திங்கள்கிழமை அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். போகும் முன் பிரெயிலில் இரண்டு லேபிள் அடித்து, பெட்டிக்கு ஒன்றாக ஒட்டினாள். ஒன்று 'இன்டெல்', ஒன்று 'ஏஆர்எம்'. கண்ணால் வாசித்தேன். "வெரலால" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். இரண்டாவதில் முதல் புள்ளி பிடிபடவே வெகுநேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை.

ஆயுத பூஜை

கிருபை டீச்சர் பொரி தின்ன வந்திருந்தாள். புடவை, கைப்பை, நடையே மாறியிருக்கிறது. தன் வகுப்பில் எழுபது பேர், முதல் நாளே எல்லாருடைய குரலையும் பிடித்துவிட்டேன் என்கிறாள்.

அண்ணாச்சி இரண்டு மிஷினுக்கும் பட்டையாகச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார். என் கீபோர்டுக்கு மூன்று பொட்டு, அவருடைய ஜாக்கிரதை. பொட்டு வைத்த அடுத்த நிமிஷம் திரையில் ஒரு எச்சரிக்கை. வட்டில் ஏதோ இடம் குறைகிறது. ஒரே ஒரு வரி தட்டினால் சரியாகிவிடும்.

எல்லாரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார்கள். நான் ஒரு காகிதத்தில் 'நாளை காலை, முதல் வேலை' என்று எழுதித் திரைமேல் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் பொரி கடிக்கும் சத்தம் நின்றது.

"என்ன குழலியக்கா, ஒரு சத்தத்தையும் காணும்?"

"பூசணிக்கா உடைக்கப் போறேன், வா" என்றேன். இந்த வருஷம் உடைத்தது நான். ஒரே அடி.